வீட்டுக் கணினியில் குரல் சரியாகப் பதியவில்லையா? மைக்கிலிருந்து கோப்புவரை ஒவ்வொரு படியாகப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

கணினியில் குரல் பதியவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர், வருவதற்கு முன்பே மென்பொருளை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருப்பார்கள். சிலர் புது மைக்கே வாங்கியிருப்பார்கள். கோளாறு இருந்த இடமோ கேபிளின் முனையாக இருக்கும், அல்லது அமைப்புகளில் அணைந்து கிடந்த ஒரு சுவிட்சாக இருக்கும்.

குரல் போகும் பாதை எல்லோருக்கும் ஒன்றுதான்: மைக், கேபிள், கணினியின் சாக்கெட், இயங்குதளம், பதிவு மென்பொருள், கடைசியில் கோப்பு. இந்த வரிசையிலேயே நடந்து பார்த்தால் ஒலி எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் கெடுகிறது என்பது தெரிந்துவிடும். கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. தாவிப் போகாதீர்கள். முந்தைய படி சரியில்லாமல் பிந்தைய படியில் எதைத் திருத்தினாலும் பயன் இருக்காது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேபிள் உள்ள ஒரு ஹெட்போன் கட்டாயம் வேண்டும். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில் அடிநாத இரைச்சல் கேட்கவே கேட்காது. பதிவு சுத்தமாக இருக்கிறது என்று நம்பி அனுப்பிவிடுவீர்கள். கேட்பவரின் காதில் அது தேனீக்கூடு போல ரீங்கரிக்கும்.

இரண்டாவது, வேறொரு கருவி: கைப்பேசியோ இன்னொரு கணினியோ. மைக்கை அதில் செருகிப் பார்த்தால், பழுது மைக்கிலா கணினியிலா என்பது இரண்டே நிமிடத்தில் முடிவாகிவிடும். ஒரு மாற்றுக் கேபிளும் இருந்தால் நல்லது. மைக்குகளைவிடக் கேபிள்கள்தான் அதிகம் பழுதாகின்றன.

மூன்றாவது, ஒரு தாளும் பேனாவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள், சோதனைப் பதிவு எடுங்கள். நான்கு அமைப்புகளை ஒன்றாக மாற்றிப் பதிவு சரியாகிவிட்டால், எது மருந்தாக வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

சோதனைப் பதிவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும். நான் செய்வது இதுதான்: 5 விநாடி அமைதி, 10 விநாடி இயல்பான பேச்சு, பிறகு உரத்த குரலில் ஒரு வாக்கியம். அமைதிப் பகுதி இரைச்சலைக் காட்டும்; பேச்சு அளவைக் காட்டும்; உரத்த வாக்கியம் சிதைவைக் காட்டும். வெறுமனே ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிப் பார்ப்பது இந்த மூன்றில் எதையும் ஒழுங்காகக் காட்டாது.

2. முதலில் நோய்க்குப் பெயர் வையுங்கள்

‘சரியாகப் பதியவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. சோதனைப் பதிவை ஹெட்போனில் கேளுங்கள். திரையில் அலைவடிவத்தையும் பாருங்கள்.

அலைவடிவம் நேர்கோடாகக் கிடந்தால் ஒலி மென்பொருளை வந்தடையவே இல்லை: 3, 4, 5 ஆகிய படிகள். மெலிந்த கோடாகவோ, மேலும் கீழும் கத்தியால் சீவியது போலவோ இருந்தால் 6. இரைச்சலும் எதிரொலியும் 7. விட்டுவிட்டு வருவதும் ‘டிக் டிக்’ என்று தெறிப்பதும் 8. ஒரு காதில் மட்டும் கேட்பது, வேகம் மாறுவது, குரலே மறைந்துபோவது ஆகியவை 9.

நோய் எதுவானாலும் 3-ஆம் படியை மட்டும் எல்லோரும் ஒருமுறை செய்துவிடுங்கள்.

3. மைக்கும் கேபிளும்

ஒலியை அணைக்கும் பொத்தான்களிலிருந்து தொடங்குங்கள். மைக்கின் உடலில் ஒன்று இருக்கலாம்; ஹெட்செட் கேபிளில் தொங்கும் சிறு பெட்டியில் ஒன்று; மடிக்கணினியின் விசைப்பலகையில் மைக் படம் போட்ட விசை ஒன்று. மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மைக்கின் முகம். பெரிய கண்டென்சர் மைக்குகள் (ஸ்டுடியோக்களில் காணும், இயங்க மின்சாரம் கேட்கும் வகை) பெரும்பாலும் பக்கவாட்டில் பேச வேண்டியவை. அவற்றின் உச்சியை வாய்க்கு நேராகச் சாய்த்து வைத்து, ஒரு வாரமாகக் கெயினை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே இருந்த இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். குரல் மங்கலாகவே இருந்தது. கெயின் ஏற ஏற அறையின் இரைச்சல்தான் கூடியது. மைக்கை நிமிர்த்தி, தயாரிப்பாளரின் சின்னம் உள்ள பக்கத்தை அவர் முகத்துக்குத் திருப்பினேன். உடனே கெயினைக் குறைக்க வேண்டியதாயிற்று.

எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று ஊசி கொண்ட வட்ட முனைக் கேபிள்) கொண்ட கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் தேவை. ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், ‘48V’ என்று எழுதிய பொத்தானை அழுத்தாவிட்டால் அது உயிரற்ற பொருள். மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை மைக்குக்கு இந்த மின்சாரம் தேவையில்லை. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர்கள் இந்தப் பொத்தானைத் தொடாமல் இருப்பதே நல்லது. மைக் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இனி 3.5 மில்லிமீட்டர் பின். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பின்னை வெளிச்சத்தில் பிடித்து, உலோகத்தைப் பிரிக்கும் வளையக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் மூன்று பகுதி. மூன்று கோடு என்றால் நான்கு பகுதி. ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே சாக்கெட் உள்ள மடிக்கணினி, மைக்கின் ஒலியைப் பின்னின் நான்காவது பகுதியில் எதிர்பார்க்கும். மூன்று பகுதி மைக்கை அதில் செருகினால், வந்திருப்பது ஹெட்போன் என்று கணினி எண்ணிக்கொள்ளும். நீங்கள் பேசுவதை மடிக்கணினியின் உள்மைக்தான் தொலைவிலிருந்து பதியும்.

மேசைக் கணினியில் இதற்கு நேர்மாறு. அங்கே இளஞ்சிவப்பு சாக்கெட் மைக்குக்கு, பச்சை ஹெட்போனுக்கு, நீலம் வெளிக்கருவிகளின் ஒலிக்கு. நான்கு பகுதிப் பின் உள்ள கைப்பேசி ஹெட்செட்டை அப்படியே இளஞ்சிவப்பில் செருகினால் மைக் வேலை செய்யாது. இரு சிக்கலுக்கும் தீர்வு, நான்கு பகுதி இணைப்பை மைக், ஹெட்போன் என இரண்டாகப் பிரிக்கும் சிறு இணைப்பான். மடிக்கணினிக்கு நான்கு பகுதிப் பின்னும் இரண்டு சாக்கெட்டும் உள்ளது வேண்டும்; மேசைக் கணினிக்கு நான்கு பகுதி சாக்கெட்டும் இரண்டு பின்னும் உள்ளது வேண்டும்.

எந்த மைக் பதிகிறது என்ற சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். பதிவை ஓட விட்டு, உங்கள் மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பையும் விசைப்பலகையின் ஓரத்தையும் சுரண்டுங்கள். எங்கே சுரண்டும்போது அளவுமானி (ஒலியின் அளவைக் காட்டும் பட்டை) துள்ளுகிறதோ அந்த மைக்தான் வேலை செய்கிறது.

4. இயங்குதளம் மைக்கைக் கேட்கிறதா?

பதிவு மென்பொருளை இன்னும் திறக்காதீர்கள். விண்டோஸ் 11-இல் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘சவுண்ட்’ என்று போய் ‘இன்புட்’ பகுதியைப் பாருங்கள். மேக் கணினியிலும் ‘சவுண்ட்’ அமைப்பில் ‘இன்புட்’ இருக்கிறது. உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். பட்டை அசைந்தால், கணினிவரை ஒலி வந்துவிட்டது. மீதிக் கோளாறு மென்பொருளில். அசையாவிட்டால் மென்பொருளில் தேடுவது வீண் வேலை. வழக்கு முழுவதையும் இரண்டாக வெட்டும் சோதனை இது. அதனால்தான் மென்பொருளுக்கு முன் இதை வைத்திருக்கிறேன்.

பட்டியலில் மைக்கின் பெயரே இல்லையென்றால், யூஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டுக் கணினியின் சாக்கெட்டிலேயே நேராகச் செருகுங்கள். மேசைக் கணினியானால் பின்பக்க சாக்கெட். அதற்கும் வராவிட்டால் வேறு கேபிள். சில யூஎஸ்பி கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தகவலைக் கடத்தாது. மைக்கின் விளக்கு எரியும், கணினிக்கோ அது இருப்பதே தெரியாது. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை (மைக்கைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளை) நிறுவ வேண்டும்.

அடுத்தது அனுமதி. விண்டோஸில் ‘பிரைவசி & செக்யூரிட்டி’ பகுதியில் ‘மைக்ரோஃபோன்’ பக்கத்தைத் திறங்கள். மேலே இருக்கும் பொது சுவிட்சை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கீழே, டெஸ்க்டாப் மென்பொருள்களுக்கு அனுமதி தரும் தனிச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஆடாசிட்டி போன்ற பதிவு மென்பொருள்கள் அதன் கீழ்தான் வரும். மேக்கில் 2018-இல் வந்த மொஹாவி பதிப்பு முதல் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே அனுமதி தர வேண்டும். தந்த பிறகு அந்த மென்பொருளை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

அனுமதி இல்லாதபோது எல்லா மென்பொருளும் அதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. சில, சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று பிழை காட்டும். சில, ஓடிக்கொண்டே இருக்கும் விநாடிகளோடு வெறும் நேர்கோட்டைப் பதிந்து தரும். பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் நாற்பது நிமிடம் பேசி முடித்த பிறகே அந்த நேர்கோட்டைப் பார்த்தார். நேரம் ஓடுவதைப் பார்த்துப் பதிகிறது என்று நம்பியிருந்தார். நேரத்தைப் பார்க்காதீர்கள், அளவுமானியைப் பாருங்கள்.

இணைய உலாவி வழியாகப் பதிபவர்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ ஒருமுறை மறுத்திருந்தால் உலாவி அதை நினைவில் வைத்திருக்கும்.

5. பதிவு மென்பொருளில் சாதனத் தேர்வு

இயங்குதளத்தில் பட்டை அசைகிறது, மென்பொருளில் அசையவில்லை என்றால், மென்பொருள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கெனத் தனியாக உள்ள உள்ளீட்டுப் பட்டியலில் உங்கள் மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ‘டீஃபால்ட்’ என்று விட்டுவைக்க வேண்டாம். ஹெட்செட்டையோ வெப்கேமராவையோ செருகினால் அது மாறிவிடக்கூடும்.

‘ஸ்டீரியோ மிக்ஸ்’ என்றோ ‘லூப்பேக்’ என்றோ பெயர் இருந்தால், அது கணினி வாசிக்கும் ஒலியைப் பதியும் வழி. அதைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு பதியும், உங்கள் குரல் பதியாது.

ஆடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் செருகினால் அது பட்டியலில் வராமல் போகலாம். ‘ஆடியோ செட்டப்’ பொத்தானில் சாதனங்களை மறுபடி தேடச் சொல்லும் தேர்வு இருக்கிறது. விண்டோஸில் ஒலி மென்பொருளுக்கு வந்து சேர எம்எம்இ (MME), வாசாபி (WASAPI) போன்ற வழிகள் உண்டு. முதலாவதில் சிக்கல் வந்தால் இரண்டாவதுக்கு மாற்றிப் பாருங்கள்.

காணொளிக் கூட்டச் செயலி ஏதாவது பின்னால் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ஒரு செயலி மைக்கைத் தனக்கு மட்டும் என்று பிடித்துக்கொள்ள விண்டோஸ் இடம் தருகிறது.

6. ஒலி அளவு

இங்கே அவசரப்படாதீர்கள். மற்றக் கோளாறுகள் பதிவைத் தடுக்கும், உடனே கண்ணில் படும். இது பதிவை நடத்திவிட்டுக் கெடுத்து வைக்கும்.

டிஜிட்டல் அளவுமானியின் உச்சி 0 டெசிபல். அதற்கு மேல் எண்ணே கிடையாது. குரல் அதைத் தாண்டும்போது அலையின் தலை வெட்டப்படுகிறது. வெட்டப்பட்ட பகுதி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. பிறகு ஒலியைக் குறைத்தால் கரகரப்பும் சேர்ந்து குறையுமே தவிர நீங்காது. ஆகவே, நீங்கள் பேசப்போகும் மிக உரத்த வாக்கியத்தைப் பேசி, முள் -12-க்கும் -6-க்கும் இடையில் நிற்குமாறு கெயினை வையுங்கள். 24 பிட்டில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாக அளக்கும் அமைப்பில்) பதிந்தால் -12 என்பது சிறிய அளவே இல்லை. பின்னால் தாராளமாகக் கூட்டிக்கொள்ளலாம்.

அலைவடிவம் சிறிதாக இருப்பதைப் பார்த்துப் பயந்து கெயினை ஏற்றுவதுதான் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு. திரையை நிரப்பும் அலை நல்ல பதிவுக்கு அடையாளம் இல்லை. அது ஆபத்துக்கு அருகில் நிற்கும் பதிவு.

அளவு குறைவாக இருந்தால் முதலில் தூரத்தைக் குறையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அறையின் ஒலியோ அப்படியே இருக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல தொடக்கம்: விரல்களை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை உள்ள ஒரு சாண். ‘ப’ என்று சொல்லும்போது காற்று மோதி ‘பொத்’ என்று கேட்டால், மைக்கைச் சற்றே வாயின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். காற்று நேராகப் போய்விடும். குரல் மைக்குக்கு வந்துவிடும்.

கெயினை எங்கே திருப்புவது என்பதற்கும் வரிசை உண்டு. மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ திருகு இருந்தால் அதுதான் முதல் இடம். இயங்குதளத்தின் அளவுப் பட்டை அடுத்தது. மென்பொருளில் கூட்டுவது கடைசி. திருகில் ஒலி சிதைந்துவிட்டால், மென்பொருளில் குறைப்பதால் சிதைவின் அளவுதான் குறையும்.

பேச்சை நிறுத்தியதும் இரைச்சல் மெல்ல மேலே எழும்பி, பேசத் தொடங்கியதும் அடங்கினால், ஏதோ ஒன்று தானாக அளவைக் கூட்டிக் குறைக்கிறது. விண்டோஸில் மைக்கின் பண்புகளில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள். அழைப்புச் செயலிகளில் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டையும் அணையுங்கள். அழைப்பில் பேச இவை உதவும்; பதிவுக்கு உதவாது.

7. இரைச்சல்

சீரான ‘ம்ம்ம்’ என்ற ஒலி மின்சாரத்திலிருந்து வருவது. மின்சாரத்தின் அதிர்வெண் நாட்டுக்கு ஏற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் கேபிளுக்குள் புகுந்துவிடுகின்றன. மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பதியுங்கள். ஒலி மறைந்தால் காரணம் சார்ஜர், அல்லது கருவிகளின் நில இணைப்புகளுக்கிடையே உருவாகும் சுற்று. எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையிலிருந்து இயக்கினால் இது பெரும்பாலும் தணியும். மைக் கேபிள் மின்கேபிளோடு சேர்ந்து ஓடினால் பிரித்துவிடுங்கள்.

‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஒலி மிகைக் கெயினால் வருவது. டைனமிக் மைக்கைக் கணினியின் இளஞ்சிவப்பு சாக்கெட்டில் நேராகச் செருகுபவர்களுக்கு இது நிச்சயம் வரும். அந்த மைக்கின் மிகச் சிறிய மின் அலையைப் பெருக்கும் திறன் அந்த சாக்கெட்டுக்குப் பற்றாது. இன்டர்ஃபேஸ் வழியாக வந்தால்தான் சரியாகும்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் காரணம் அறை. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின் வால் நீண்டால் அதுதான் பதிவில் கேட்கிறது. வெற்றுச் சுவரும் கண்ணாடியும் ஒலியைத் திருப்பி அனுப்பும், துணி விழுங்கும். திறந்த துணி அலமாரிக்கு முதுகைக் காட்டி அமர்ந்து பேசுங்கள். அப்போது மைக்கின் முகம் துணிகளைப் பார்க்கும்.

இரைச்சலை மென்பொருளில் நீக்குவது கடைசி வழி. அதற்கும் அந்த 5 விநாடி அமைதிதான் மாதிரியாகப் பயன்படும். 6 முதல் 12 டெசிபலுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். கேட்பவர்கள் சிறு இரைச்சலைப் பொறுத்துக்கொள்வார்கள், அந்தக் குரலைப் பொறுக்கமாட்டார்கள்.

8. விட்டுவிட்டு வருதலும் தெறிப்பும்

கணினி ஒலியைச் சிறு சிறு வாளிகளாக அள்ளுகிறது. அந்த வாளியின் பெயர்தான் பஃபர். வாளி சிறிதாக இருந்தால் கணினி இடைவிடாமல் அள்ள வேண்டும். நடுவில் வேறு வேலை வந்தால் சில துளிகள் சிந்திவிடும். அதுவே தெறிப்பு.

வாளியின் அளவை மாதிரிகளில் சொல்வார்கள். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும்போது, 256 மாதிரிகள் என்பது ஏறத்தாழ 5 மில்லிவிநாடி. 1024 என்பது 21. கணினி வழியாக உங்கள் குரலை நீங்களே கேட்டுக்கொண்டு பாடுவதானால்தான் சிறிய பஃபர் வேண்டும். வெறும் பேச்சைப் பதிய 1024 வைப்பதில் எந்த நட்டமும் இல்லை.

அதன் பின்னும் தெறித்தால் யூஎஸ்பி ஹப்பை நீக்குங்கள். மின்சேமிப்பு நிலையை அணையுங்கள். மேகச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறையில் பதியாமல் கணினியின் சொந்த வட்டில் பதியுங்கள். அதுவும் உதவாமல், கேபிளை அசைக்கும்போது மட்டும் தெறித்தால், கேபிளை மாற்றுங்கள்.

9. ஒரு காது, மாறிய வேகம், மறைந்த குரல்

இடது காதில் மட்டும் குரல் கேட்டால், ஒற்றை மைக்கை ஸ்டீரியோவாக (இடது, வலது என இரண்டு தடங்களாக) பதிந்திருக்கிறீர்கள். அடுத்த பதிவை மோனோவில், அதாவது ஒரே தடத்தில், எடுங்கள். எடுத்து முடித்த பதிவை இரண்டு தடங்களாகப் பிரித்து, வெற்றுத் தடத்தை நீக்கிவிட்டு, மற்றதை மோனோவாக்கினால் போதும்.

குரல் தடித்து மெதுவாக வந்தால் மாதிரி வீதம் (விநாடிக்கு எத்தனை மாதிரி என்ற எண்) பொருந்தவில்லை. 48,000-இல் எடுத்ததை 44,100 என்று எண்ணி வாசித்தால் 10 நிமிடப் பதிவு ஏறத்தாழ 10 நிமிடம் 53 விநாடி ஓடும். இயங்குதளம், இன்டர்ஃபேஸ், மென்பொருள் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும்.

புளூடூத் ஹெட்செட்டில் குரல் தொலைபேசி போலக் கேட்டால் பழுது எதுவும் இல்லை. மைக்கை இயக்கியதும் வழக்கமான புளூடூத் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறுகிறது. அதில் ஒலி 8,000 அல்லது 16,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்குச் சுருங்குவது வழக்கம். கேட்க மட்டும் அதை வைத்துக்கொண்டு, பதிய கேபிள் மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

மறைந்த குரல் கொஞ்சம் விந்தையானது. தோழி ஒருவர் சிறுவர் கதைகளைப் பதிந்து அனுப்பினார். ஹெட்போனில் கேட்டால் குரல் இருந்தது, ஆனால் தலைக்குள் எங்கேயோ நிலையில்லாமல் மிதந்தது. அதே கோப்பைக் கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் குரலே இல்லை. பின்னணியில் மெல்லிய இரைச்சல் மட்டும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இடது தடத்தில் அலை மேலே ஏறும் ஒவ்வொரு இடத்திலும் வலது தடத்தில் அதே அலை கீழே இறங்கியது. எக்ஸ்எல்ஆர் மைக்கை, முனையை 3.5 மில்லிமீட்டர் பின்னாக மாற்றும் சாதாரணக் கேபிளால் ஸ்டீரியோ சாக்கெட்டில் செருகியிருந்தார். அந்த மைக் ஒரே குரலை நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் அனுப்பும். ஸ்டீரியோ சாக்கெட் அவற்றை இடம், வலம் என்று எடுத்துக்கொண்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடியபோது ஒன்றையொன்று அழித்துவிட்டன. ஒரு தடத்தை நீக்கி மற்றதை மோனோவாக்கியதும் எல்லாக் கதைகளும் திரும்பக் கிடைத்தன. மறுபடி பேச வேண்டியிருக்கவில்லை.

இதனால்தான், எந்தப் பதிவையும் அனுப்பும் முன் ஒருமுறை கைப்பேசி ஸ்பீக்கரிலும் கேட்டுவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

10. நீண்ட பதிவுக்கு முன்

வட்டில் இடம் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 520 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஸ்டீரியோ அதைப் போல இரண்டு மடங்கு. வழக்கமான வேவ் (WAV) கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது. நாள் முழுக்கப் பதிபவர்கள் பகுதி பகுதியாக நிறுத்திச் சேமிக்க வேண்டும்.

அறிவிப்பு ஒலிகளையும் கணினியின் தூக்க நிலையையும் அணையுங்கள். இரண்டு நிமிடம் பதியுங்கள், நிறுத்துங்கள், சேமியுங்கள். மென்பொருளை மூடி, சேமித்த கோப்பைத் திறந்து, ஹெட்போனில் கடைசி விநாடிவரை கேளுங்கள். அது சரியாக இருந்தால், எதையும் தொடாமல், எதையும் கழற்றாமல், அதே இருக்கையில் அமர்ந்தபடி உண்மையான பதிவைத் தொடங்குங்கள்.